முள்ளம்பன்றி காற்றைக் கிழித்த கதை

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி எந்நேரமும் சைக்கிளும் கையுமாகவே திரிந்தது. பெயர் சடையாண்டி. அந்தக் காட்டுப் பந்தயத்தில் கும்பலாக ஓட்டுகிற வேலையெல்லாம் கிடையாது. ஒவ்வொருவராகத் தனியே கிளம்ப வேண்டும். யார் சீக்கிரம் ஓட்டி முடிக்கிறாரோ அவருக்கு விளையாட்டுக் கோட்டாவில் வனக்காவலர் வேலை. சடையாண்டிக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். வேலை கிடைத்தால்தான் என் மகள் பூங்காவனத்தைக் கட்டிக்கொடுப்பேன் என்று தாய்மாமன் வேறு கறாராகச் சொல்லிவிட்டார். பாவம், பூங்காவனமும் எத்தனை வரனைத்தான் தட்டிக்கழிக்கும்?

சடையாண்டி யோசனை கேட்கப் போனது. அங்கேதான் சனி பிடித்தது.

முதலில் தேன்சிட்டு. பூவில் உட்கார்ந்தால் பூவுக்கே தெரியாது, அவ்வளவு லேசான உடம்பு.

"எடைதாண்ணே எதிரி! ஸ்டாண்டைக் கழற்றுங்க, மட்கார்டைக் கழற்றுங்க, பெல்லையும் கழற்றுங்க. முதல்ல இந்த முள்ளையெல்லாம் வெட்டி எறிங்க. எதுக்கு இந்தச் சுமை?"

சடையாண்டி எல்லாவற்றையும் கழற்றியது. முள்ளை வெட்டிப் பாதி முதுகுவரை வந்தபோது, குளத்திலிருந்து விரால் மீன் தலையை நீட்டியது.

"அட கிறுக்குப் பயலே, நிறுத்துடா! காத்துதான்டா எதிரி. என் உடம்பைப் பாரு, எங்கேயாவது பிசிறு இருக்கா? முள்ளுக்கு எண்ணெய் தடவிப் படிய வை. பின் சக்கரத்துல கம்பி தெரியக் கூடாது, தகடு போட்டு மூடு. கனம் கூடினா கூடட்டும்."

சடையாண்டி மிச்சமிருந்த பாதி முள்ளுக்கு எண்ணெய் தடவியது. சக்கரத்தைத் தகடு போட்டு மூடியது. அதைப் பார்த்த தேன்சிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டது. "ஐயையோ, இவ்வளவு கனமா!"

இரண்டு பெரியவர்களையும் பகைத்துக்கொள்ளலாமா? சடையாண்டி தகடு முழுக்க ஓட்டை போட்டு எடையைக் குறைத்தது. இப்போது அது லேசாகவும் இல்லை, காற்றைக் கிழிக்கவும் இல்லை. ஓட்டும்போது புல்லாங்குழல் மாதிரி ஊதியது.

உண்மையைச் சொன்னால், மேட்டுப் பாதைக்குச் சிட்டு சொன்னது சரி, சமதரைக்கு விரால் சொன்னது சரி. பாதை எப்படி என்று அந்த மேதாவிகள் கேட்கவில்லை. சடையாண்டியும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

பாதை ஏரிக்கரை மேல் நேர்கோடு. எதிர்காற்று ஆளைத் தூக்கியது. நடுவராக வந்த ஆமை விதியைப் படித்தது: "ஒரு போட்டியாளர் முதுகுக்குப் பின்னால இன்னொரு போட்டியாளர் ஒதுங்கக் கூடாது. காத்தை அவரவரே சமாளிக்கணும்."

சிறப்பு விருந்தினரான தலைவர் யானை வழக்கம்போலத் தாமதமாக வந்து கொடியசைத்தார். பலரும் ஓட்டி முடித்த பிறகு சடையாண்டி கிளம்பியது. அடுத்ததாகக் கிளம்பியது சிங்காரம் என்ற பெருச்சாளி. பால் ஊற்றிவிட்டு அப்படியே வந்திருந்தது. சைக்கிளில் இருபுறமும் பால்கேன். ஸ்டாண்டு, பெல், கேரியர், எதையுமே கழற்றவில்லை. பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

சடையாண்டி உயிரைக் கொடுத்து மிதித்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. முள் இல்லாத தோலில் காற்று சுரீரென்று அறைந்தது. ஆனாலும் பாதி தூரத்தில் அதுவரை ஓட்டிய எல்லாரையும்விட அதுதான் முந்தி. பூங்காவனம், பூங்காவனம் என்று முணுமுணுத்தபடியே மிதித்தது.

அப்போது பின்னால் சைரன் சத்தம். தலைவருக்கு அக்கரையில் ஒரு காதுகுத்து. திறந்த லாரியில் மலை மாதிரி நின்றபடி வந்துகொண்டிருந்தார். தலைவர் வந்தால் ஒதுங்கிக் கும்பிடுவது காட்டு வழக்கம். சடையாண்டியும் இறங்கி, கையைக் கூப்பி நின்றது.

லாரி கடந்து போனது. அதன் பின்னால் ஒட்டியபடி சிங்காரம், வெற்றிலையை மென்றுகொண்டு, ஒற்றைக் கையால் ஓட்டி வந்தது.

"வாங்கண்ணே, இங்க காத்தே இல்ல!" என்று கூப்பிடவும் செய்தது.

சடையாண்டிக்குக் கால் துடித்தது. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே! மானஸ்தன். காற்றோடு தனியாகவே மல்லுக்கட்டி வந்து சேர்ந்தது. சிங்காரம் முன்னாலேயே வந்து, கேனைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"இது அநியாயம்!" என்று சடையாண்டி ஆமையிடம் கத்தியது. "இவன் தலைவர் பின்னால ஒளிஞ்சு வந்தான்!"

"போட்டியாளர் பின்னால போகக் கூடாதுன்னுதான் விதி," என்றது ஆமை. "தலைவர் என்ன போட்டியாளரா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "தலைவர் பின்னால போறது தப்புன்னு நான் சொன்னா, நாளைக்கு நான் எங்க போறது தம்பி?" என்றது.

வேலை சிங்காரத்துக்குப் போனது. தாய்மாமன் மாப்பிள்ளைக்கென்று வாங்கிய மாலையோடு எல்லைக் கோட்டில் நின்றிருந்தார். பாதி மொட்டையும் பாதி எண்ணெயுமாக நின்ற மருமகனை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிங்காரத்திடம் போய், "தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகலியே?" என்று கேட்டபடி மாலையைப் போட்டார்.

நீதி: எடையைக் குறைப்பதா, காற்றைக் கிழிப்பதா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. பெரியவர் முதுகுக்குப் பின்னால் காற்றே அடிக்காது. பால்கேனைக்கூடக் கழற்ற வேண்டாம்.