முட்டையாரும் மூன்றறிவும்

கோழிக்கு இப்படி ஒரு காலம் வரும் என்று கோழியே நினைத்திருக்காது. விடிந்தும் விடியாமலும் அந்தத் தெருவில் வரிசை கட்டி நின்றவர்கள் கையில் ஆளுக்கொரு முட்டை. வக்கீல் வைத்திருந்தார். வாத்தியாரும் வைத்திருந்தார். ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்கு முட்டை போட்டவர், கடைசியில் தானே ஒன்றை வாங்கிக்கொண்டு நின்றது கண்கொள்ளாக் காட்சி.

வரிசையின் மறுமுனையில், ஒரு பழைய கிடங்கில், முட்டையார் வீற்றிருந்தார். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது இரண்டு மூன்று காவல் நிலையங்களில் பத்திரமாக இருக்கிறது.

அவர் வித்தை இதுதான். நீங்கள் கொண்டுபோன முட்டையை ஒரு தீர்த்தத்தில் போடுவார். இரண்டு நாளில் ஓடு கரைந்து, வெறும் சவ்வோடு முட்டை வழுவழுவென்று நிற்கும். தீர்த்தத்தில் வினிகர் வாடை அடிக்கும். தெய்வத்தின் வாடையே அதுதான் என்றார்கள். தெய்வத்தை மோந்து பார்த்தவர் யாரும் இல்லாததால் மறுப்பு வரவில்லை. பிறகு நோயாளியின் பெயரைச் சீட்டில் எழுதி, முட்டையைக் கிண்ணத்து நீரில் வைப்பார். மறுநாள் உப்பியிருந்தால் நோய் வளர்கிறது. சுருங்கியிருந்தால் நோய் ஒழிந்தது. முதல் தடவை எல்லாருக்கும் உப்பும். காணிக்கை வைத்தபின் சுருங்கும். காணிக்கை வைக்காதவன் முட்டை உப்பியது உப்பியபடியே இருக்கும். முட்டைக்கும் ஆள் பார்க்கத் தெரிந்திருந்தது.

அன்று முடிவு தெரிய வேண்டியவர் ஒரு தையற்காரர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினோடு கட்டிப்போட்டதுபோல் கிடக்க வேண்டும். அதைவிடக் கொடுமை தாகம். நாளெல்லாம் சேர்த்து மூன்று டம்ளர் தண்ணீர்தான் டாக்டர் கணக்கு. முட்டையாரோ, "மெஷின் உன் உயிரை உறிஞ்சுது. விட்டுத் தள்ளு. தாகம் தீர நான் மந்திரிச்ச தண்ணியைக் குடி" என்றார். தவித்த வாய்க்கு இதைவிடப் பெரிய தெய்வ வாக்கு உண்டா? அந்த வாரம் ஒரு முறையை விட்டுவிட்டார். இரண்டு நாளாகக் குடித்தார். கால் வீங்கிச் செருப்பில் நுழையவில்லை. மாடிப்படி ஏறாமலே மூச்சு வாங்கியது.

கூட வந்தது மனைவி. பழங்களைச் சர்க்கரைப் பாகில் ஊறவைக்கும் ஆலையில் பதினைந்து வருடமாகப் பாகு காய்ச்சுகிறவள். ஊரில் அவளுக்குப் பாகுக்காரி என்றே பெயர். அவள் காதுத் தோடு காணிக்கையாகப் போய்விட்டதால் காதில் ஈர்க்குச்சி இருந்தது.

முட்டையார் கிண்ணத்தின் மேலிருந்த துணியை விலக்கினார். முட்டை வற்றி, சுருங்கி, பை மாதிரி கிடந்தது. கூட்டம் ஆரவாரித்தது. தையற்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியா? இனிமே மெஷின் பக்கமே போகமாட்டேன்."

"ஏங்க, கொஞ்சம் இருங்க," என்றாள் அவள்.

அவள் முட்டையைப் பார்க்கவில்லை, எறும்பைப் பார்த்தாள். மேசைக்கால் வழியே ஏறிய எறும்புச் சாரை, உப்பிய முட்டைகள் இருந்த கிண்ணங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தாண்டி, சுருங்கிய முட்டைகளின் கிண்ணங்களுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தது. அவள் கிண்ணத்தில் விரலை விட்டாள். கட்டைவிரலோடு சேர்த்து ஒட்டிப் பிரித்தாள். நடுவே மெல்லியதாக ஒரு நூல் நீண்டது.

"ஒரு கம்பிப் பதம்," என்றாள்.

"தொடாதே! தெய்வக் குத்தம்!" என்று அலறினார் முட்டையார்.

"எறும்பு முன்னாடியே தொட்டுடுச்சு. அதுக்கு ஒண்ணும் ஆகலையே?"

வக்கீல் மெதுவாக விரலை விட்டு நக்கினார். அவருக்குச் சர்க்கரை வியாதி. ஆனாலும் உண்மையை உறுதி செய்ய இன்னொரு தடவை நக்கினார். "இனிப்புதான்!"

"எங்க ஆலையில தினம் பாக்குறது இது," என்றாள் பாகுக்காரி. "கெட்டிப் பாகுல போட்ட பழம் சுருங்கும். காஞ்ச திராட்சையைத் தண்ணியில போட்டா உப்பும். தோலு வழியா தண்ணி எப்பவும் கெட்டியான பக்கமாத்தான் ஓடும். பதினஞ்சு வருஷம் பாத்துட்டு, இங்க வந்து கும்பிட்டு நின்னேனே, என்னைச் சொல்லணும்!"

"அவிசுவாசி! நிரூபி பாப்போம்!" என்றார் முட்டையார். மோசடிக்காரனும் சில சமயம் நல்ல வார்த்தை சொல்லிவிடுகிறான்.

"சரி. என் புருஷன் முட்டையை அந்த வெறும் தண்ணியில போடு. அந்த மளிகைக்காரரோட உப்பின முட்டையை இந்தப் பாகுல போடு. சீட்டை மாத்தாத. நாளைக்குப் பாப்போம்." பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "ஆனா நீங்க நாளைக்கு வரைக்கும் தாங்கமாட்டீங்க. கிளம்புங்க. இப்பவே."

"முட்டை சுருங்கிடுச்சேடி..."

"முட்டை சுருங்குச்சு. உங்க காலு சுருங்குச்சா?"

அவர் குனிந்து காலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் திட்டிக்கொண்டே ஊசியைச் செருகினாள். "மெஷினுக்குள்ளயும் சவ்வுதான் அண்ணே இருக்கு. கழிவும் மிச்சத் தண்ணியும் அது வழியா வெளிய போயிடும், ரத்த அணு போகாது. உங்க உடம்புல ஒவ்வொரு அணுவுக்கும் சவ்வு உண்டு. உள்ள வெளிய உப்பும் தண்ணியும் ஒரு அளவுல நிக்கணும். அந்த அளவைக் காக்குறதுதான் சிறுநீரகத்தோட வேலை. அது படுத்துட்டப்ப நீங்க தண்ணியை ஊத்திக்கிட்டே இருந்தா ரத்தம் நீர்த்துப்போகும், அணு உப்பும். மூளையிலயும் உப்பும். அப்புறம் பரிகாரம் பண்ண ஆள் இருக்கமாட்டீங்க."

மறுநாள் காலை பாகுக்காரி கிடங்குக்கு வந்தாள். வாத்தியார்தான் முட்டைகளை மாற்றிப் போட்டு, இரவெல்லாம் கண் கொட்டாமல் காவல் இருந்தார். தையற்காரரின் 'குணமான' முட்டை பந்துபோல் உப்பியிருந்தது. 'வளரும் நோய்' முட்டை பாகில் வற்றிக் கிடந்தது. அந்தச் சீட்டுக்குரிய மளிகைக்காரர் காணிக்கை எதுவும் வைக்கவே இல்லை. முட்டையார் வைத்தது பின்வாசலில் ஓட்டம். திரைக்குப் பின்னால் நான்கு மூட்டை சர்க்கரையும், வினிகர் பீப்பாயும், ஓர் அட்டைப் பெட்டியில் அவள் தோடும் கிடந்தன.

தோட்டைப் போட்டுக்கொண்டு அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். முட்டை உப்பிய அதே நாளில் தையற்காரரின் கால் வற்றியிருந்தது. செருப்பு நுழைந்தது. அவர் அன்றைய கணக்கில் முதல் அரை டம்ளர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ருசித்துக்கொண்டிருந்தார்.

முட்டையார் இப்போது வேறொரு ஊரில் வெள்ளரிக்காய்ச் சித்தராக இருக்கிறாராம். வரிசை நீளமாம். எறும்புக்கு மூன்றறிவு, நமக்கு ஆறு என்று இலக்கணம் சொல்கிறது. அங்கே போகிறவர்கள் எறும்பு எந்தப் பக்கம் போகிறது என்றாவது கொஞ்சம் குனிந்து பாருங்கள். குனிவதுதான் நமக்குப் பழக்கமாயிற்றே.