டப்பாவுக்குத் தேருன்னு பேரு வந்த கத

எங்க மாரியாத்தா மேல சத்தியமா, இதுல ஒரு வார்த்த கூட பொய் இல்ல. பொய்யின்னா என் பல்லு மொத்தமும் கொட்டட்டும். இருக்கறதே மூணுதான், அது வேற விஷயம்.

திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலத் தோட்டம். அங்க நம்ம வைரவன்கிட்ட ஒரு ஆட்டோ. மூடுசீல பீத்தல். லைட்டு கயித்துல தொங்கும். ஏத்தம் வந்தா எறங்கித் தள்ளணும், எறக்கம் வந்தா சாமி கும்புடணும். லயத்து வீடுகள்ல ஆளுக்கொரு பேரு வச்சாங்க. டப்பா, ஓட்ட, லொடலொட்டி. டவுன்ல சிங்கள ஆளுங்க "கபல்"னாங்க, அதுவும் அதே கேவலந்தான்.

எல்லாத்தையும் விட பொஞ்சாதி நாகலெட்சுமி வாயிதான் மோசம். கிளினிக் போறப்பல்லாம் பாதி வழி தள்ளுனவ அவதானே! காலையில பெரட்டுல வேலைக்குப் பேர் கூப்புடற மாதிரி வரிசையா வைவா.

ஒரு வெள்ளிக்கெழம வைரவன் கற்பூரத்த ஏத்தி வச்சுட்டான்.

"இனிமே என் ஆட்டோவ வைய மாட்டேன்னு அடி சத்தியம்!"

"அடிக்கிறேங்க. நீங்க?"

"நானா? என் வாயில அப்புடி ஒரு சொல்லு வந்தா, அன்னைக்கே பழைய இரும்புக்குத் தூக்கிக் குடுத்துரு!"

அடிச்சான் பாருங்க சத்தியம், கற்பூரமே அணைஞ்சிருச்சு.

மறுநாளு நாகலெட்சுமி கொழுந்து மல பூரா கேக்க கத்துறா: "எங்க வூட்டுத் தேரு கெளம்பிருச்சு, வழி விடுங்க!"

வைரவனுக்கு ஒண்ணும் வெளங்கல. வைறாளா, வாழ்த்துறாளா? நெத்தியத் தொட்டுப் பாத்தான். காச்சலும் இல்ல.

மூணாம் நாளு மஸ்கெலியாவுலேருந்து அவ தம்பி வினோஜன் வந்து நிக்கிறான்.

"மச்சான், ஒங்க ஆட்டோ மாதிரி இந்தப் பக்கமே இல்லையாமே, அக்கா சொல்லுச்சு. கல்யாண வேல கெடக்கு. ஒரு மாசம் தாங்க."

வைரவன் சாவிய எடுத்து மடியில சொருகிக்கிட்டான். போன வருஷம் இவன் எரவல் வாங்கிட்டுப் போன சைக்கிள்ல, மணி மட்டுந்தான் திரும்பி வந்துச்சு.

"அது ஏத்தம் ஏறாது தம்பி."

"அக்கா தேருன்னுச்சே?"

"தேரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!"

"பரவால்ல மச்சான், பாத்து ஓட்டிக்கிறேன். சாவி?"

"அடேய், அது டப்பாடா! ஓட்ட! லொடலொட்டி! தொட்டா கையோட வந்துரும்!"

குசினியிலேருந்து நாகலெட்சுமி எட்டிப் பாத்தா.

"தம்பி, காதுல விழுந்துச்சா?"

"நல்லா விழுந்துச்சுக்கா."

"இரும்புக்காரரே, டீய குடிச்சிட்டு வெளிய வாங்க."

வாயத் தொடச்சிக்கிட்டு ஒரு ஆளு தராசோட வந்தாரு.

வைரவன் முழிச்சான். "அப்ப கல்யாணம்?"

"யாருக்கு மச்சான்?"ன்னு கேட்டான் வினோஜன்.

சத்தியம் சத்தியந்தானே. இரும்புக்காரர் லொறி ஏத்தத்துக்கு மேல உள்ள ரோட்டுல நிக்கிது. ஆட்டோ கெளம்பவே இல்ல. நாகலெட்சுமி முன்னால ஏறி ஒக்காந்து ஹேண்டில புடிச்சா. பின்னால வைரவன் மூச்சு வாங்கத் தள்ளுறான்.

"நல்லா தள்ளுங்க," திரும்பிப் பாத்து சொன்னா. "தேரு தானா ஏத்தம் ஏறுமா?"

அம்புட்டுதான். கேட்டவங்க எனக்கு ஆளுக்கொரு பிளேன்டீயும் ஒரு உளுந்து வடையும் வாங்கிக் குடுங்க. வடைய மெதுவானதாப் பாத்து எடுங்க, எனக்கு மூணு பல்லுதானே.