கடலை எண்ணெயில் ஒரு டயர்

வேதியியலில் முதல் வகுப்பு வாங்கியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தாங்கள் வரும்வரை உலகம் தப்பாகவே நடந்தது என்று நினைப்பார்கள். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

திண்டுக்கல்லில், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் சின்னக் கம்பெனியில் வேலை. ரப்பர் இளகுவதற்குப் பெட்ரோலிய எண்ணெய் சேர்ப்பார்கள். அந்த நாற்றம் பிடித்த எண்ணெய் எதற்கு, செடியில் விளைவது போதாதா என்று நான் கடலை எண்ணெய் ஊற்றி ஒரு டயர் தயார் செய்தேன். (அம்மாவின் சமையல் எண்ணெய்தான். கேட்டு எடுக்கவில்லை.)

முதலாளி மோந்து பார்த்தார். “மொதல்ல ஒங்க வீட்டு வண்டியில மாட்டிப் பாரு தாயி. அடுத்தவுக வண்டி வேணாம்.”

அப்பாவின் லோடு ஆட்டோவில் மாட்டினேன். மறுநாள் அதிலேயே குடும்பத்தோடு வடமதுரைக்குக் கிளம்பினோம். அக்காவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கப் போகிறோம். அங்கே சாப்பிட்டால் சம்பந்தம் உறுதி.

சித்திரை வெயில். டயர் அல்வாவாக இளகி, வழியிலிருந்த சரளை, பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் ஒட்டிக்கொண்டது.

“ஏத்தா, வண்டி ஏன் இந்த இழு இழுக்குது?” என்றார் அப்பா.

“புது டயருப்பா. போகப் போகச் சரியாயிரும்.”

மாப்பிள்ளை வீட்டு வாசலில் புத்தம்புது வெள்ளை டைல்ஸ். அப்பா நேரே அதன்மேல் ஏற்றி நிறுத்தினார். பின்னாலேயே கறுப்பாக ஒரு தடம் வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா மூக்கை உறிஞ்சினார். “யாரு வீட்டுல முறுக்கு சுடுறாக?”

அதற்குள் அவர்கள் வீட்டு நாய் டயரை நக்க ஆரம்பித்திருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா தரையைப் பார்த்தார். “போன வாரந்தான் பதிச்சோம்” என்றார். அம்புட்டுத்தான்.

“செஞ்சது எம் மக. கெமிஸ்ட்ரி படிச்சவ” என்று அப்பா என்னைக் காட்டிக்கொடுத்தார்.

“இது சுற்றுச்சூழலுக்கு ரொம்ப நல்லது மாமா...” என்று ஆரம்பித்தேன். அக்கா கிள்ளிய கிள்ளில் பாக்கி மறந்துவிட்டது.

தண்ணீருக்கும் சோப்புக்கும் கறை அசையவில்லை. கடைசியில் மாப்பிள்ளை தன் பைக்கிலிருந்து பெட்ரோல் பிடித்து வந்தார். பெட்ரோலியத்தை ஒழிக்கப் புறப்பட்ட நான், மண்டிபோட்டுப் பெட்ரோலால் துடைத்தேன். பக்கத்தில் துணியோடு உட்கார்ந்த மாப்பிள்ளைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதைப் பார்த்து அக்காவும் சிரித்துவிட்டாள். இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

“சரி, வெஞ்சனம் ஆறுது, சாப்பிட வாங்க” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

ரப்பரை இறுக்க வேண்டிய கந்தகத்தில் ஒரு பங்கைக் கடலை எண்ணெய் விழுங்கிவிட்டதால் அச்சில் டயர் அரைவேக்காடாகவே நின்றுவிட்டது என்பது பிறகுதான் புரிந்தது. அளவைத் திருத்தினேன். இப்போது தாவர எண்ணெய் சேர்த்த எங்கள் டயர்கள் ஒழுங்காக ஓடுகின்றன. யாரும் அதைப் பேசுவதில்லை.

அக்கா மகளுக்கு நான் ‘டயர் சித்தி’. போன வாரம் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள்: “எங்க சித்தி டயர வேகாம எடுத்ததுனாலதான் மிஸ், எங்க அம்மாவுக்குக் கல்யாணம் ஆச்சு.”