கடைசி மட்ச் அண்ணையின் ஐந்தாவது ஃபவுல்

“பிள்ளை, உமக்கு எண்ணத் தெரியுமோ?”

கூடைப்பந்துப் போட்டியில் புள்ளி எழுதும் மேசையில் நான் முதன்முதலாக உட்கார்ந்த அன்று என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஏ.எல். பரீட்சையில் கணக்குக்கு ஏ எடுத்தவளும் நான்தான். எனக்குச் சுருக்கென்றது.

“ஆயிரம் வரைக்கும் தெரியும்” என்றேன்.

“அவ்வளவு தேவையில்லை. அஞ்சு மட்டும் எண்ணினாக் காணும்” என்று சொல்லிவிட்டுச் சப்பாத்து நாடாவைக் கட்டப் போனார் கடைசி மட்ச் அண்ணை.

யாழ்ப்பாணத்தில் அவரளவு தடவை ஓய்வு பெற்ற மனிதர் வேறு யாரும் இல்லை. ஒவ்வொரு வருடமும் இறுதிப் போட்டிக்கு முன்னால் “இதுதான் என்ரை கடைசி மட்ச்” என்று அறிவிப்பார். கழகச் செயலாளர் பொன்னாடை வாங்கி வருவார். வாழ்த்துமடல் எழுதிக் கொடுக்கும் தமிழ் வாத்தியார், நாலாம் தடவையிலிருந்து ஆண்டை மட்டும் மாற்றிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். பண்டத்தரிப்பில் அண்ணையின் வீட்டுக்குப் போனால் யன்னல் சீலை எல்லாம் சரிகை வைத்தே இருக்கும். அத்தனையும் பொன்னாடை. அடுத்த வருடம் முதல் பயிற்சிக்கு முதல் ஆளாக வந்து நிற்பார்.

“என்ன அண்ணை, போன வருசம் கடைசி எண்டனீங்கள்?”

“ஓம். அது போன வருசத்தின்ரை கடைசி.”

நாற்பத்தெட்டு வயது. அதில் பத்தொன்பது வருடம் கொழும்பில் ஒரு கம்பனிக்காக விளையாடியவர். பந்துக்காகவே அவரை வேலைக்கு எடுத்தார்கள். அங்கே என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“மேசை ஒண்டு தந்தவங்கள் பிள்ளை. அதிலை என்ரை சப்பாத்து இருந்தது.”

அவர் துள்ளுவதை நான் கண்டதில்லை. பெடியங்கள் பந்துக்காக வானத்துக்கும் பூமிக்கும் பாய்ந்துகொண்டிருப்பார்கள். அண்ணை பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி ஓரிடத்தில் நிற்பார். பஸ் வருவது போலவே பந்தும் அங்கே வரும். எறிந்த பந்து கூடைக்குள் போகிறதா என்று பார்க்கவும் மாட்டார். அது விழுவதற்குள் மைதானத்தின் பாதியைக் கடந்திருப்பார். விழாத பந்துக்காக அவர் திரும்பி ஓடி வந்ததை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் கூடை கோணலாக இருந்தது என்று ஏணி வைத்து அளந்து காட்டினார். கோணலாகத்தான் இருந்தது.

அவர் எண்ணச் சொன்ன அந்த ஐந்துக்கு வருகிறேன். ஒருவர் ஐந்து ஃபவுல் செய்தால் வெளியே போக வேண்டும். இத்தனை வருடத்தில் அவர் ஒருதரம்கூட அப்படிப் போனதில்லை. அவருடைய பெருமை எல்லாம் அதில்தான். நாலாவது ஃபவுல் விழுந்த உடனே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயில் வீதி சுற்றுகிறவர் மாதிரி விளையாடுவார். அப்படியும் எதிரணிக்காரர் அவரைச் சுற்றித்தான் போக வேண்டியிருக்கும்.

போன வருட இறுதிப் போட்டி. முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. அண்ணையின் அணி ஒரு புள்ளி முன்னால். அண்ணைக்கு நாலு ஃபவுல், கை முதுகுக்குப் பின்னால். உரும்பிராய்ப் பெடியன் ஒருவன் பந்தோடு கூடைக்குப் பாய்ந்தான். முதுகுக்குப் பின்னால் இருந்த கை ஒன்று முன்னால் வந்துவிட்டது.

நடுவர் விசில் ஊதினார். நான் தாளைப் பார்த்தேன். அண்ணையின் பெயருக்கு நேரே ஒரு கட்டம்தான் மிச்சம் இருந்தது. அதையும் நிரப்பினேன்.

எனக்குப் பின்னால் பொன்னாடைப் பையோடு நின்ற செயலாளர் குனிந்தார். “பிள்ளை, ஒண்டைக் குறைச்சுப் போடும். மனுசனுக்குக் கடைசி மட்ச்.”

“அஞ்சு அஞ்சுதானே ஐயா” என்று சொல்லி, ஐந்து என்று எழுதிய தட்டைத் தூக்கிப் பிடித்தேன்.

“நாலுதான். உந்தப் பெட்டைக்கு எண்ணத் தெரியாது” என்று சனத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. பிறகு பல குரல்கள். நடுவரே மேசைக்கு வந்து, “வடிவாப் பாத்தனீரோ?” என்று கேட்டார். அந்தத் தாளை அவர் பிழை என்று சொல்லியிருந்தால், நான் அந்த மேசைக்குத் திரும்ப வந்திருக்க மாட்டேன்.

அப்போது அண்ணை வந்தார். தாளைப் பார்க்கவே இல்லை. விரலை மடக்கத் தொடங்கினார்.

“முதலாவது, அந்தச் சிவப்புச் சப்பாத்துக்காறன்ரை தோள். ரெண்டாவதும் அவன்தான், பாவம். மூண்டாவது றெபரி பிழையாத் தந்தது, எண்டாலும் தந்தது தந்ததுதான். நாலாவது இடுப்பு. இப்ப கை. அஞ்சு.” சனத்தைப் பார்த்துத் திரும்பினார். “பிள்ளை சரியாத்தான் எண்ணியிருக்குது.”

அவர் நடந்து போய்க் கோட்டுக்கு வெளியே கிடந்த வாங்கில் உட்கார்ந்தார். உரும்பிராய்ப் பெடியன் அந்த ஃபவுலுக்குக் கிடைத்த இரண்டு எறிகையையும் கூடைக்குள் போட்டான். அண்ணையின் அணி ஒரு புள்ளியால் தோற்றது.

பொன்னாடையைப் போர்ப்பதா விடுவதா என்று தெரியாமல் செயலாளர் நின்றார். “உந்தப் பொன்னாடையை உள்ளை வையும். வாற வருசம் தேவைப்படும்” என்றார் அண்ணை. பிறகு என்னிடம் வந்தார்.

“வாற வருசமும் மேசையிலை நீர்தானோ? அப்ப நான் நாலோடை நிக்கவேணும்.”

“இல்லை அண்ணை. நான் றெபரிச் சோதினைக்குப் போடப் போறன். வாற வருசம் விசிலோடை உள்ளை நிப்பன்.”

நாலு விரலை நீட்டி, ஒன்றை மடக்கினார். “அப்ப மூண்டோடை நிக்கவேணும்.”

சோதனை எழுதி, சித்தியடைந்து, விசிலும் வாங்கிவிட்டேன். இந்த வருடத் தொடரின் முதல் போட்டிக்கு நடுவர் நான். பட்டியலைக் கையில் தந்தபோது என் பெயரை நான் தேடவில்லை. வீரர்களின் பெயர்களைத்தான் மேலிருந்து கீழாகப் பார்த்தேன். அவருடைய பெயர் இருந்தது.