சவர வில்லைப் பெரும்போர்

வாழ்க நம் நாயகி! வேதியியலில் முதல் வகுப்பில் தேறியவள். எந்த அமிலத்துக்கும் அஞ்சாதவள். ஆயினும் பேருந்தில் “இறங்கணும்” என்று சொல்ல நாணி இரண்டு நிறுத்தம் தாண்டிப் போகும் மாவீராங்கனை வாழ்க!

முன்னொரு போரில் நாணயமெல்லாம் தோட்டாவாக உருகிப் போக, சில்லறைக்குத் தவித்த ஒரு தெருவின் கடைக்காரர்கள் தத்தம் பெயர் பொறித்த தகர வில்லைகளைக் காசாக வெளியிட்டார்கள். அத்தெருவின் ஏழு வில்லைகளில் ஆறினை, ரொட்டிக்கடை முதல் விறகுக்கடை வரை, நான்காண்டு அலைந்து வென்றிருந்தாள் அவள். “ஒரு சவரம்” எனப் பொறித்த முடிதிருத்தகத்து வில்லை மட்டும் பகைநாட்டு இளவரசிபோல் ஒளிந்து திரிந்தது.

அந்த ஞாயிறன்று பழம்பொருள் சந்தையில், ஒரு தையல் மெஷின்மேல் இருந்த பித்தான் டப்பாவுக்குள், மேகத்திடைப் பிறையெனக் கிடந்தது அது!

கண்டாள், முகத்தில் காட்டினாளில்லை. வேண்டியதைப் பாராதே, பக்கத்துப் பொருளை விலை கேள், வேண்டியதைக் கொசுறாகப் பெறு என்பதே சேகரிப்போர் குலத்தின் போர்விதி. ஆகவே வேழத்தை விட்டு அதன் நிழலை எய்யும் வில்லாளிபோல் மெஷினை நோக்கினாள்.

“தைக்கத் தெரியுமாம்மா?” என்றார் கடைக்காரர்.

“தெரியுங்க,” என்றாள், பித்தான் அறுந்த சட்டையை ஊக்கால் பிணைத்திருந்தவள்.

மூண்டது பேரம்! அவர் முழங்க, அவள் முனக, பக்கத்துக் கடைப் பூனை எழுந்து வேறிடம் போக, பாதி விலையில் வெற்றி முரசு கொட்டிற்று. மெஷினுக்குக் காசு கைமாறியது. இனி எஞ்சியது ‘அந்த டப்பாவையும் சேத்துக் குடுங்க’ என்னும் நாற்சொற்படையை ஏவுவதே. அப்படையோ நாநுனிவரை அணிவகுத்து வந்து, பற்கள் என்னும் கோட்டைவாயிலில் கூச்சமுற்று, ஒன்றையொன்று ‘நீ முன்னே போ’ எனத் தள்ளியபடி நின்றது. அவ்வேளை வந்தார் பரமவைரி, சேகரிப்போர் வட்டம் ‘பூதக்கண்ணாடி’ என்றழைக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர்!

“ஏம்ப்பா, இந்தச் சவர டோக்கன் என்ன விலை?”

“அதுவா? சும்மா எடுத்துட்டுப் போங்க சார். துருப்பிடிச்சுக் கெடக்கு.”

வில்லை அவர் சட்டைப்பைக்குள் சிறைபுகுந்தது. “அட, நீயா பாப்பா! தையல் வேற கத்துக்கறியா?” என்றார் வைரி.

“உனக்கும் ஏதாவது சும்மா வேணுமாம்மா?” என்றார் கடைக்காரர்.

“இல்லங்க… மெஷின் போதும்.”

அவள் மெஷினைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.