மூன்றாம் மாடியில் இறங்கிய விமானம்

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அடையாறில் என் தலைக்கு மேல் வீட்டில் இரண்டு பேர் குடியிருப்பதாக வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். மாலையானால் கனத்த குரல் ஒன்று, "இன்னும் ஆயிரம் அடி!" என்று கத்தும். மெல்லிய குரல் ஒன்று, "பார்த்துட்டேன்" என்னும். மூன்றாவது மாடியில் போர்வெல் போடுகிறார்கள் என்று பதறி, வாட்ச்மேனிடம் ஓடினேன்.

"இன்னா சார் நீ! கேப்டன் ஒண்டியாத்தான் கீறாரு. ரெண்டு கொரலும் அவருதுதான்" என்றார்.

வீட்டுக்குள்ளேயே விமானம் ஓட்டிய மனிதர் தென்சென்னையிலேயே அவர் ஒருவர்தான். ஓய்வுபெற்ற விமானி. கம்ப்யூட்டர் திரையில் தினமும் மீனம்பாக்கத்தில் இறங்குவார். வெளியே மழை என்றால் திரையிலும் மழையை வரவழைப்பார். தாமதத்துக்கு, இல்லாத பயணிகளிடம் மன்னிப்பும் கேட்பார்.

என் வீட்டில் என்னைத் தவிர டி.வி.தான் பேசும். ஒரு மழைநாளில் அதை அணைத்துவிட்டு அவர் கதவைத் தட்டினேன்.

"வாங்க, வாங்க! கோ-பைலட் சீட் காலியாத்தான் இருக்கு."

"எனக்கு லிஃப்ட்ல போனாலே தலை சுத்தும் சார். ஆட்டோபைலட்தான் இருக்கே?"

"அதையே நம்பினவங்க பல பேர் திரும்பி வரலை சார். இறங்கும்போது அதுகிட்ட ரெண்டாயிரம் அடியில நில்லுன்னு சொல்லுவோம். சில நாள் காதுலயே வாங்காது. மேகத்துக்குள்ள கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அதனால, அந்த உயரத்துக்கு இன்னும் ஆயிரம் அடி பாக்கி இருக்கும்போதே ஒருத்தர் சத்தமா சொல்லணும். இன்னொருத்தர் உயரம் காட்டுற முள்ளைப் பார்த்துட்டு பதில் சொல்லணும். நீங்க சொல்லுங்க, நான் பதில் சொல்றேன்."

வீரமாகத் தலையாட்டினேன். திரையில் ஒரு மின்னல் வெட்டியது. அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு முண்டகக்கண்ணியம்மனைக் கூப்பிட்டேன். இல்லாத சீட் பெல்ட்டை லுங்கியில் தேடினேன். அன்றைக்கும் ஆட்டோபைலட் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நான் கண்ணைத் திறந்தபோது மூவாயிரம், இரண்டாயிரம் எல்லாம் தாண்டி, பரங்கிமலையில் மூக்கைச் செருகிக்கொண்டிருந்தோம்.

"சார், முள்ளு இறங்கினது உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுதே."

"அப்புறம் ஏன் சும்மா இருந்தீங்க? தினம் ரெண்டு பேருக்கும் சேர்த்து நீங்கதானே கத்துவீங்க!"

"அது ஆள் இல்லாதப்போ. இன்னைக்குத்தான் நீங்க இருந்தீங்களே. சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்."

முள் நன்றாகத் தெரியும்படி நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான்: விமானம் நொறுங்கியது. மழை விட்டது. நான் கிளம்பவில்லை, அவரும் போகச் சொல்லவில்லை.