மூன்றாம் வார்டைப் பார்க்காதவர்

பார்க்கிறவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அழுகிற காட்சியில் கூடவே அழுது, விளம்பரம் வந்ததும் ஓடிப்போய் அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற அப்பாவிகள் அவர்கள். அவர்களால் யாருக்கும் தொந்தரவு கிடையாது. இங்கே பேச்சு பார்க்காதவரைப் பற்றி.

பார்க்காதவர் என்றால் நிஜமாகவே பார்க்காதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி ஒருவர் இருந்தால் தொடர் ஓடுகிற நேரத்தில் அவர் பாட்டுக்குக் கோயிலுக்குப் போய்விடுவார். இந்த இனம் வேறு. தொடர் ஆரம்பிக்கும்போது சரியாக வீட்டில் இருக்கும். டிவி இருக்கிற அறையிலேயே இருக்கும். "இந்தக் கருமத்தை எப்படித்தான் பாக்குதியளோ" என்று தலையில் அடித்துக்கொண்டு, கடைசி எழுத்து ஓடி மறைகிற வரைக்கும் அங்கேயே இருக்கும். கறியைத் தொடாமல் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்கிறவர், சீட்டாடாமல் பக்கத்தில் உட்கார்ந்து எந்தச் சீட்டை இறக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்கிறவர், ஊர் வம்பு நமக்கெதற்கு என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசுகிறவர் எல்லாரும் இதற்குப் பங்காளிகள்.

திருநெல்வேலி டவுனில் குடியிருக்கும் தாணுமாலையன் இந்த இனத்தில் முதல் தரம். பாளையங்கோட்டையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தர். வாரத்தில் மற்ற நாட்களில் அலுவலகம் முடிந்து, நூலகத்தில் ஒரு நடை நுழைந்து, மார்க்கெட்டில் நாலு பேரிடம் நின்று பேசி, இருட்டிய பிறகு வீடு சேருகிற மனிதர் வியாழக்கிழமை மட்டும் முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவார். வியாழக்கிழமை அலுவலகத்தில் வேலை அதிகமாம், அதனால் அலுப்பாம். வியாழக்கிழமை ஏழரை மணிக்கு 'மூன்றாம் வார்டு' என்ற ஆஸ்பத்திரித் தொடர் வருகிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவர்தான் பார்க்காதவராயிற்றே.

ஏழரை அடித்ததும் காலையில் வரி விடாமல் படித்து முடித்த பேப்பரை மறுபடியும் விரிப்பார். நாற்காலி டிவிக்குப் பக்கவாட்டில் கிடக்கும். "காத்து இங்கனதான் வருது" என்பார். பேப்பரின் மேல் ஓரம் மூக்கு நுனியோடு நின்றுவிடும். அரை மணி நேரத்துக்கு ஒரு பக்கம் புரளாது. விளம்பரம் வந்தால் மட்டும் சடசடவென்று இரண்டு பக்கம் புரளும். கதாநாயகன் டாக்டர் ரகுநந்தன் திரையில் வந்தால், ஐந்து வருஷமாக வாரம் தவறாமல், "யாரு இவன்?" என்பார். ரகசியம் பேசுகிற காட்சி வந்தால், "ஒண்ணு கூட்டி வை, இல்ல அணைச்சுப் போடு. என்ன ரெண்டுங்கெட்டான் சத்தம்!" என்பார். கூட்டி வைப்பார்கள்.

ஒருநாள் பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"போன வாரம் இடது கையில ஏறுன குளுக்கோஸ் இந்த வாரம் வலது கையில ஏறுது. கூறுகெட்ட பயலுவ!"

கல்லூரியில் படிக்கிற மகள் சித்ரலேகா திரும்பிப் பார்த்தாள். "நீங்க பாக்கலைன்னுல்லா நெனச்சேன்?"

"நான் எங்க பாத்தேன்? கண்ணுல விழுது."

விழுகிறதை யார் தடுக்க முடியும்?

தொடரைப் பற்றி இரண்டு வார்த்தை. பங்குனி மாதத்தில் டாக்டர் ரகுநந்தன் மேல் ஒரு லாரி மோதியது. எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்த தன் ஆஸ்பத்திரியிலேயே, அதே மூன்றாம் வார்டிலேயே, நினைவில்லாமல் படுத்தார். ஐப்பசி வந்தும் கண் திறக்கவில்லை. ஒரு பக்கம் மனைவி டாக்டர் வைஜயந்தி. மறுபக்கம் நர்ஸ் ஸ்டெல்லா; ஐந்து வருஷமாக மருந்துத் தட்டை ஏந்திக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் அவர்மேல் உயிரை வைத்திருக்கிறவள். தீபாவளிக்கு முந்தின வியாழக்கிழமை தொடர் முடிகிறது, அன்றைக்கு ஒரு மணி நேரம் வரும் என்று அறிவித்ததும் டவுனே இரண்டு கட்சியானது. டாக்டர் கண் திறப்பாரா? திறந்தால் முதலில் யார் பெயரைச் சொல்வார்? தாணுமாலையனின் மனைவி சொர்ணாம்பாள், "தாலி கட்டினவ இருக்கும்போது வேற யாரை லே கூப்பிடுவான்?" என்று டிவிப் பெட்டியையே அதட்டுகிற வைஜயந்தி கட்சி. சித்ரலேகா ஸ்டெல்லா கட்சி.

தாணுமாலையன் எந்தக் கட்சி? பார்க்காதவருக்குக் கட்சி ஏது? ஆனால் மனசுக்குள், மிகவும் உள்ளே, அவர் ஸ்டெல்லா. இது சொர்ணாம்பாளுக்குத் தெரிந்தால் தொடர் பார்த்ததைவிடப் பெரிய குற்றமாகிவிடும்.

ஐந்து வருஷமாகப் பைசா செலவில்லாமல் அவர் சேர்த்த பெயர் அது: தெருவிலேயே தொடர் பார்க்காத ஒரே மனுஷன். அந்தப் பெயர்தான் கடைசி வியாழக்கிழமை அவர் கழுத்தைப் பிடித்தது.

"என் தம்பி மதுரை வண்டியில வாரான்" என்றாள் சொர்ணாம்பாள். "தீபாவளிச் சீர் கொண்டாரான், கை நிறையச் சாமான். எட்டே காலுக்கு வண்டி. நீங்க ஜங்ஷனுக்குப் போயிக் கூட்டிட்டு வந்துருங்க."

பேப்பர் லேசாக ஆடியது. "அவன் என்ன பச்சப்பிள்ளையா? வழி தெரியாதா?"

"சாமான் இருக்குல்லா?"

"சித்ரலேகாவை அனுப்பு."

"அவ பாக்க வேண்டாமா? ஐஞ்சு வருசமா பாக்குதா. நீங்க இங்கன இருந்து என்ன செய்யப் போறிய? பேப்பர்தானே? அங்கன பிளாட்பாரத்துலயும் லைட்டு எரியத்தான் செய்யுது."

இதற்கு என்ன பதில் இருக்கிறது? ஒரே ஒரு பதில் இருந்தது. அதைச் சொன்னால் ஐந்து வருஷப் பெயர் போய்விடும். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தெருவில் ஈ காக்கை இல்லை. ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலிருந்தும் மூன்றாம் வார்டின் இசை வந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் ஓட்டுநர், நடத்துநர், இவர். ஆனால் தாணுமாலையன் கலங்கவில்லை. அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. மதுரை வண்டி எந்தக் காலத்தில் நேரத்துக்கு வந்தது? ஒன்பதுக்கு முன்னால் வராது. ஸ்டேஷனுக்கு எதிரே அகமது மீரானின் டீக்கடை. அதில் டிவி உண்டு. அவரைத் தெரிந்தவர்கள் யாரும் அங்கே கிடையாது. ஜங்ஷன் நெருங்க நெருங்க அவருக்கு நடையிலேயே ஒரு துள்ளல் வந்துவிட்டது.

கடையில் கூட்டம். எட்டிப் பார்த்து ஓர் இடம் பிடித்தார். கையில் பேப்பர் இல்லை. ஐந்து வருஷமாகப் பேப்பரின் ஓரத்துக்கு மேலே தெரிந்த பாதித் திரையை மட்டுமே பார்த்திருந்தவருக்கு அன்றைக்குத்தான் முழுத் திரையும் தெரிந்தது. டாக்டர் ரகுநந்தனுக்குக் கால்கள் இருந்தன. ஸ்டெல்லா வெள்ளைச் செருப்புப் போட்டிருந்தாள். மனிதர் உருகிப்போனார்.

முன்னால் நின்ற ஆட்டோக்காரர் தளவாய் கேட்டார்: "யாருவே அந்த நர்சம்மா? டாக்டருக்குத் தங்கச்சியா?"

டீ ஆற்றிக்கொண்டே மீரான் சொன்னார்: "தங்கச்சியாத்தான் இருக்கும்."

எவ்வளவுதான் தாங்குவார் ஒரு மனிதர்?

"தங்கச்சியா? உமக்கு யாருவே சொன்னது?" என்று ஆரம்பித்தார் தாணுமாலையன். ஸ்டெல்லா அநாதை விடுதியில் வளர்ந்தது, முதல் வருஷம் தீ விபத்தில் டாக்டர் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியது, அன்றைக்கு ராத்திரியே அவருக்கும் வைஜயந்திக்கும் நிச்சயதார்த்தம் நடந்தது, இரண்டாம் வருஷம் மருந்து திருடியதாக ஸ்டெல்லாமேல் பழி விழுந்தது, திருடியது உண்மையில் வைஜயந்தியின் அண்ணன் என்பது, அது ஸ்டெல்லாவுக்குத் தெரிந்தும் சொல்லாதது, ஏன் சொல்லவில்லை என்பது, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தார். கடை அசந்துபோயிற்று.

"அண்ணாச்சிக்கு ஒரு ஸ்டூலைப் போடுவே!" என்றார் தளவாய். "அப்ப முழிச்சா யாரைக் கூப்பிடுவாரு அண்ணாச்சி?"

"ஸ்டெல்லாதான். வேற யாரு? ஆனா இந்தக் கூறுகெட்ட பயலுவ அவரை முழிக்க விட மாட்டானுவ, பாரும்."

கடைசிக் காட்சி வந்தது. ஒரு பக்கம் வைஜயந்தி, மறுபக்கம் ஸ்டெல்லா. டாக்டரின் விரல் அசைந்தது. இமை துடித்தது. உதடு பிரிந்தது.

"அத்தான்!"

தாணுமாலையன் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். இரண்டு கையிலும் பைகளோடு மைத்துனன் குமரகுருபரன் நின்றான்.

"வண்டி இன்னைக்குன்னு பாத்து நேரத்துக்கு வந்துட்டு அத்தான். உங்களை உள்ளே தேடிட்டு வாரேன். இங்கன என்ன செய்யுதிய?"

"மழைக்கு ஒதுங்கினேன்."

குமரகுருபரன் மேலே பார்த்தான். நட்சத்திரங்கள் பளிச்சென்று இருந்தன.

திரும்பித் திரையைப் பார்த்தால் தீர்ந்தது. இவன் வாய் அக்காவிடம் நிற்காது. தாணுமாலையன் ஒரு பையை வாங்கிக்கொண்டு, கழுத்தைக் கல்லாக்கிக்கொண்டு நடந்தார். பின்னால் கடை மொத்தமும் ஒரே குரலில், "ச்சே!" என்றது.

ச்சே! அதற்கு எத்தனை அர்த்தம்? செத்துப்போனாலும் ச்சே. வேறு பெயரைச் சொன்னாலும் ச்சே. நடுவில் கரண்ட் போனாலும் ச்சே.

அதற்குள் தளவாய் ஓடிவந்து ஆட்டோவைக் கிளப்பினார். ஏறி உட்கார்ந்ததும் திரும்பிச் சிரித்தார். "அண்ணாச்சி, கடைசியில பாத்தியளா, அந்த டாக்டரு..."

"ரோட்டைப் பாத்து ஓட்டும்வே!"

ஈரடுக்குப் பாலத்தில் மறுபடியும் ஆரம்பித்தார். "இல்ல அண்ணாச்சி, நீங்க சொன்ன மாதிரியே..."

"வே! லாரி வருது, லாரி!"

லாரி எதுவும் வரவில்லை. விஷயம் தெரிந்த ஒரே வாயையும் தன் கையாலேயே அடைத்துவிட்டு, நான் சொன்ன மாதிரியே என்றால் எது, ஸ்டெல்லாவைக் கூப்பிட்டதா, முழிக்காமல் போனதா என்று வழி நெடுக வெந்துகொண்டு வந்தார்.

"தெரிஞ்சவரா அத்தான்?" என்றான் குமரகுருபரன்.

"யாரு கண்டா? வாயாடிப் பய."

வீட்டில் டிவி அணைந்திருந்தது. சொர்ணாம்பாளின் கண்கள் சிவந்திருந்தன. அப்படியானால் வைஜயந்தி தோற்றாள், ஸ்டெல்லாதான்! தாணுமாலையன் மகளைப் பார்த்தார். அவள் முகமும் தொங்கிக் கிடந்தது. இரண்டு கட்சியும் எப்படித் தோற்கும்? பக்கத்து வீட்டு ருக்கு செருப்பை மாட்டிக்கொண்டே, "அவ மூஞ்சியை அப்போ பாத்தேளா? எனக்கு மனசே கேக்கலை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் என்றால் எவள்?

"என்ன, வீடே இழவு வீடு மாதிரி இருக்கு?" என்று பைய ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தார்.

"உங்களுக்கு எதுக்கு அது? கையைக் கழுவிட்டு வாங்க, தோசை ஆறுது."

"இன்னையோட ஒழிஞ்சுதா அந்தச் சவம்?"

"முடிஞ்சுட்டு."

"எப்படி..." நாக்கைக் கடித்துக்கொண்டார். "எப்படியோ முடிஞ்சாச் சரி."

தோசை இறங்கவில்லை. அப்போது குமரகுருபரன், பொய் சொல்லத் தெரியாத மனுஷன், வாய் நிறையச் சட்னியோடு கேட்டான்: "அக்கா, வண்டியில வந்ததுல கடைசி வாரத்தை விட்டுட்டேன். யாரைக் கூப்பிட்டான்?"

கேட்டுவிட்டான். இவ்வளவுதானா? இவ்வளவு எளிதா? தாணுமாலையனின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. காதுகள் விடைத்தன.

சொர்ணாம்பாள் உற்சாகமாக வாயைத் திறந்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். ஐந்து வருஷமாக அவருடைய வெறுப்பை மதித்து வாழ்ந்த உத்தமி அவள்.

"இங்கன வேண்டாம்ப்பா. இவங்களுக்கு இது ஆகாது. அடுக்களைக்கு வா, சொல்லுதேன்."

போய்விட்டார்கள். உள்ளேயிருந்து குசுகுசுவென்று சத்தம் மட்டும் வந்தது. ரெண்டுங்கெட்டான் சத்தம். தாணுமாலையன் தோசையைப் பார்த்தார். அணைந்து கிடந்த டிவியைப் பார்த்தார். வெள்ளைச் செருப்பை நினைத்துக்கொண்டார்.

"சொர்ணம்!"

"என்னங்க?"

"இங்கன வந்தே சொல்லு."

குசுகுசுப்பு நின்றது. அடுக்களை வாசலில் சொர்ணாம்பாளின் தலை தெரிந்தது. "ஏன்?"

"அங்கன புழுக்கமா இருக்கும். காத்து இங்கனதான் வருது."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர்கள் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். சித்ரலேகா எழுந்தாள். நாற்காலியில் கிடந்த பேப்பரை எடுத்து, உதறி விரித்து, அப்பாவின் இடது கையில் கொடுத்து, மேல் ஓரத்தை அவர் மூக்கு நுனிக்கு நேராக நிறுத்தினாள்.

"பிடிங்கப்பா. இது இல்லாம உங்களுக்குக் காது கேக்காது."

பிடித்துக்கொண்டார். சொர்ணாம்பாள் தரையில் உட்கார்ந்து முந்தானையைச் சரி செய்துகொண்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். பேப்பர் ஒரு பக்கமும் புரளவில்லை.

டாக்டர் ரகுநந்தன் கண்ணைத் திறந்தாரா, திறந்து யார் பெயரைச் சொன்னார் என்று உங்களுக்குச் சொல்லலாம்தான். ஆனால் உங்களுக்கு எதற்கு அது? நீங்கள்தான் இந்த மாதிரி எழுத்தெல்லாம் படிக்கிறவர் இல்லையே. ஏதோ பக்கத்தைப் புரட்டும்போது கண்ணில் விழுந்தது, அவ்வளவுதானே?